வலப்பக்கத்துப் பிள்ளை

அம்மாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஒரு பால்மா டின்னுக்கு அடி பற்றவைத்தது.

டின்னின் அடியில் துரு தின்ற ஓட்டை ஒன்று இருந்தது. சுண்டுவிரல் நுழையும் அளவு. துருவில் ஈயம் ஒட்டாது. முதலில் மணல்தாளால் தேய்த்து வெள்ளைத் தகரத்தை வெளியே கொண்டுவந்தேன். ஒரு தகரத் துண்டை வட்டமாக வெட்டி ஓட்டையின் மேல் வைத்தேன். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் மின்சாரம் இல்லை. செம்புத் தலை வைத்த பழைய சோல்டரிங் அயனை அடுப்புத் தணலில் சூடாக்கினேன். அம்மா சேலைக் கிழிசலால் டின்னைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் இருந்த காகிதத்தை முன்பே எடுத்து மடியில் வைத்திருந்தாள்.

"ஓட்ட வழியா கரப்பான் போவுது. விட்டா காகிதத்தத் தின்னுரும்" என்றாள்.

"புது டின் ஒன்னு கொண்டாந்து தாறேன்."

"இதுவே இருக்கட்டும். கைய ஆட்டாதடா."

"நீதாம்மா ஆட்டுற."

"எனக்கு வயசாச்சு. ஒனக்கென்ன கேடு?"

ஈயம் உருகி ஓடியது. ஆறும்வரை இருவரும் அசையாமல் இருந்தோம். அப்போது கேட்டாள்:

"வியாழக்கெழம ஒனக்கு வேலையா?"

"ஏன்?"

"பெரகலைக்கு ஒரு நட போகணும். தனியா பஸ் மாறிப் போக மூச்சு வாங்குது."

"இந்த வியாழன் முடியாது. ஸ்டோர்ல காத்தாடி மோட்டார் கழட்டிக் கெடக்கு. அடுத்த வியாழன் போவோம்."

"சரி. அடுத்த வியாழன்."

அது 1987 மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வியாழனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை காலையில், தண்ணீர் பிடிக்கப் போன பீலியடியில் விழுந்தாள். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. வயது ஐம்பத்தொன்று.

பெரகலையில் யாரைப் பார்க்க என்று நான் அவளிடம் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

அம்மாவின் பெயர் விசாலாட்சி. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கீழ்ப்பிரிவில் பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருபத்தாறு வருடம் வேலை செய்தாள். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் விடியற்காலையில் தங்கள் பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள். கைக்குழந்தைகளுக்குத் தொட்டில். நடக்கிற பிள்ளைகளுக்குச் சாக்கு விரிப்பு. பிள்ளைகள் இருபதுக்குக் குறைந்த நாளில்லை. ஆட்கள் இரண்டு பேர்: அம்மாவும், அவளுக்கு உதவிக்கு லீலா என்ற பெண்ணும். நானும் 1965இல் அந்தச் சாக்கில்தான் உட்கார்ந்திருந்தேன். என் அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ஃபிட்டருக்கு உதவியாள். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது காய்ச்சலில் போய்விட்டார். அவர் விட்டுப் போனது ஒரு குறடும் இரண்டு ஸ்பேனரும்.

அம்மா மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் தன் வேலையில் ஒரு முறை வைத்திருந்தாள். சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு அவள் ஊட்டமாட்டாள். நன்றாகச் சாப்பிடும் ஒரு பிள்ளையை அதன் வலப்பக்கத்தில் உட்காரவைப்பாள். அந்தப் பிள்ளை ஆறு மாதமாவது மூத்ததாக இருக்க வேண்டும். ஏன் வலப்பக்கம் என்று லீலா கேட்டபோது, "சோத்துக்கையப் பாக்கும்போதே பக்கத்து ஆளையும் பாத்துரும்ல" என்றாளாம். மூன்று நாளில் மறுத்த பிள்ளை சாப்பிடும்.

ஒருமுறை பிள்ளைக்காம்பராவில் கடி தொடங்கியது. ஒரு பிள்ளை கடித்தது, வாரம் முடிவதற்குள் ஆறு பிள்ளைகள் கடித்தன. அதிகம் கடித்தவனை வீட்டுக்கு அனுப்பலாம் என்றாள் லீலா.

"அவன் கடிக்கிறவன். கடிக்கச் சொல்றவன் வேற" என்றாள் அம்மா.

"மூணு வயசுப் புள்ள எங்கக்கா சொல்லுது?"

"வாயால சொல்லாது. சும்மா ஒக்காந்து பாரு. கடிக்கிறதுக்கு முன்னாடி எல்லாம் எவனப் பாக்குதோ, அவன்தான்."

ஒரு முற்பகல் முழுக்க இருவரும் பார்த்தார்கள். அவன் நான்தான். என்னைத் தனியாகத் தொட்டில் பக்கம் உட்காரவைத்தாள். கடி நின்றது. இதைச் சொல்லிச் சொல்லி லயத்தில் என்னைக் கிண்டல் செய்வார்கள். ஜெயராசாவையும் செய்வார்கள். அவன் சாப்பிட மறுத்த பிள்ளை. இரண்டு வயதில் எலும்பும் தோலுமாக இருந்தவனை என் இடப்பக்கத்தில் உட்காரவைத்துத்தான் அம்மா தேற்றினாள். நான் உருண்டை பிடித்தால் அவன் பிடிப்பான். நான் தண்ணீர் குடித்தால் அவன் குடிப்பான். சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்க அம்மா எல்லாருக்கும் பழக்கியிருந்தாள். அவன் நான் எழும்வரை காத்திருந்து எழுந்து கழுவுவான்.

அவனுடைய அம்மா ரெங்கம்மா. எங்கள் லயத்திலேயே நான்கு காம்பரா தள்ளி இருந்தார்கள்.

1974 பஞ்ச வருடம். பாண் ரொட்டிக்கு விடியுமுன்னே வரிசை. அரிசி இல்லை, மா இல்லை. தோட்டத்தில் ஆட்கள் கிழங்கும் கீரையும் தின்றார்கள். அது போதாமல் சிலர் செத்தார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது.

மேற்பிரிவில் பெரிய பையன்கள் டெலிபோன் கம்பி வெட்டி விற்றார்கள். பதுளையில் பழைய செம்பு வாங்க ஆள் இருந்தது. நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்த் தேயிலைச் செடிக்குள் உட்கார்ந்து பார்த்தேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அவர்கள் எப்படி ஏறுகிறார்கள், எங்கே வெட்டுகிறார்கள், எப்படி முழங்கையில் சுருட்டுகிறார்கள் என்று பார்த்தேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் குறட்டை எடுத்துக்கொண்டு போய் நானே ஏறினேன். கீழே நின்று நான்கு பேர் பார்த்தார்கள். நான் பார்த்துக் கற்றது போல அவர்களும் கற்றார்கள். முதல் நாள் எங்களுக்கு ஆளுக்குக் கால் இறாத்தல் பாண் கிடைத்தது. வேறு காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் பசி இல்லாத நாளிலும் போனோம். அதையும் சொல்ல வேண்டும்.

ஜெயராசாவுக்கு முதலில் இருந்தே விருப்பமில்லை. அவன் எங்கள் எல்லாரையும்விட உயரம். ஒரு நாள் பிற்பகல், கம்பத்தடியில்:

"ஏறுடா நெட்டையா" என்றேன்.

"நான் ஏறல. நீ ஏறு."

"எனக்கு எட்டாதுடா. ஒன்னத்தான் கம்பத்துக்குன்னே அளந்து செஞ்சிருக்கு."

மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன் சொன்னான்: "விடுங்கடா, அவனுக்குத் தொட்டில் கட்டிப் போடுங்க. ஆயாம்மா வந்து ஆட்டட்டும்."

ஜெயராசா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். குறட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினான். அவன் மேலே இருந்தபோது காவல்காரன் வந்தான். நாங்கள் நான்கு பேரும் செடிக்குள் ஓடினோம். அவன் இறங்குவதற்குள் பிடித்துக்கொண்டார்கள். மாலைக்குள் எங்களையும் லயத்தில் வந்து பிடித்தார்கள்.

கம்பி அரசாங்கத்துடையது. பொலிஸ் வந்தது. வழக்கு பதுளையில் சிறுவர் மன்றத்துக்குப் போவதற்கு முன் நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவர் தோட்டத்துக்கு வந்தார். ஜுனைதீன் ஐயா. பதுளைக்காரர். வெள்ளைச் சட்டை, சைக்கிள், ஒரு தோல் பை. நல்ல மனிதர். ஐந்து பேரையும் பிள்ளைக்காம்பராவின் சுவரோரம் வரிசையாக நிறுத்திவிட்டு அம்மாவுக்கு ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தார். அவள் உட்காரவில்லை. தோட்டத்துக் கிளாக்கர் பக்கத்தில் நின்றார். மேசையில் குறடு இருந்தது. அதன் பிடியில் சைக்கிள் ரப்பர் சுற்றியிருந்தது. அப்பாவின் கை வழுக்குகிறது என்று அம்மாதான் அதைச் சுற்றிக் கொடுத்தவள்.

"இந்தக் குறடு ஆரிடண்டு தெரியுமா ஆயாம்மா?"

"தெரியாதுங்க."

"சரி, அது போகட்டும். அஞ்சு பேரையும் அனுப்ப எனக்கு விருப்பமில்ல. அஞ்சு குடும்பம் அழும். எப்பவும் ஒருத்தன் இக்கிறான், மத்தவனுகளக் கூட்டிக்கிட்டுப் போறவன். அவன மட்டும் பிரிச்சு எடுத்தா மத்த நாலும் தானா அடங்கும். நான் கண்ட கேஸ் எல்லாம் அப்பிடித்தான். இவங்க எல்லாம் உங்கட கையில வளந்த புள்ளையல். உங்களக் கேட்டாச் சரியாச் சொல்லுவீங்கண்டு கிளாக்கர் சொன்னார்."

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க பாப்பம். முதல்ல ஆரு தொடங்கின?"

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு கணம்தான். ஜுனைதீன் ஐயா பையில் பேனா தேடிக்கொண்டிருந்தார். கிளாக்கர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பார்த்தாள். அவள் பார்த்ததை நானும் பார்த்தேன்.

ஆயா வேலை தோட்டத்துத் தயவு. காம்பராவும் அதோடு சேர்ந்தது. அப்பா இல்லை. இவையெல்லாம் அந்தக் கணத்தில் அவள் மனதில் ஓடினவா என்று எனக்குத் தெரியாது. அவள் கையை நீட்டினாள்.

"அந்த ஒசந்த பையன்தாங்க. சின்னதுல இருந்தே மத்த புள்ளைங்க அவனப் பாத்துத்தான் செய்யுங்க. எம்புள்ள சோறு திங்க மாட்டான். அவன வலப்பக்கம் ஒக்கார வச்சுத்தான் தின்ன வச்சேன்."

கிளாக்கர், "அது உண்மைங்க. ஆயாம்மா ஒக்கார வைக்கிற முறைய எல்லாரும் சொல்லுவாங்க" என்றார்.

ஜுனைதீன் ஐயா எழுதினார். ஜெயராசா மறுக்கவில்லை. அவன் அப்போதும் என்னைத்தான் பார்த்தான், அடுத்து என்ன செய்வது என்று கேட்பது போல. நான் என் கால் விரல்களைப் பார்த்தேன்.

அவனைக் கீழ்நாட்டில் உள்ள ஓர் அரசாங்கச் சீர்திருத்தப் பாடசாலைக்கு அனுப்ப மன்றம் தீர்ப்பளித்தது. பெற்றோரின் சம்மதமும் கேட்டார்கள். ரெங்கம்மா கைநாட்டு வைத்தாள். மூன்று வேளைச் சோறு, படுக்கக் கட்டில், தச்சு வேலை பழக்குவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வருடத்தில் அது தண்டனையாக யாருக்கும் தோன்றவில்லை. ஒரு வாரத்துக்குள் லயத்தில் இருந்து மூன்று தாய்மார் அம்மாவிடம் வந்தார்கள்.

"அக்கா, அந்த ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லி எம்மவனையும் அனுப்பிவிடேன்."

"ஒம்மவன் என்னாத்தடி திருடினான்?"

"திருடலன்னா என்ன, திருடுவான்க்கா. சொன்னாக் கேக்குற புள்ள."

கேட்டவள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

ரெங்கம்மா ஒரு கட்டு வல்லாரை கொண்டுவந்து கொடுத்தாள். "நீ சொன்னதாலதான்க்கா அவனுக்கு ஒரு வழி கெடச்சுச்சு" என்றாள். அம்மா அதைச் சமைத்தாள். நான் சாப்பிட்டேன். அவள் சாப்பிடவில்லை.

நாங்கள் நான்கு பேரும் அதன் பிறகு கம்பிப் பக்கம் போகவில்லை. நான் பயந்துவிட்டேன், நான் போகாததால் மற்ற மூன்று பேரும் போகவில்லை. ஆறு மாதம் கழித்து ஜுனைதீன் ஐயா சைக்கிளில் அந்த வழியாகப் போனபோது பிள்ளைக்காம்பரா ஜன்னலில் நின்று சொன்னார்: "நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி ஆயாம்மா. அவனப் பிரிச்ச பொறகு ஒரு முழம் கம்பி போகல்ல."

அம்மா ஒரு குழந்தைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வேலையை முடிக்கவில்லை, அவர் போகும்வரை துடைத்துக்கொண்டே இருந்தாள் என்று லீலா சொன்னாள்.

என்னை அவள் தோட்டத்துப் பாடசாலையில் இருந்து எடுத்துப் பதுளையில் சேர்த்தாள். முதல் நாள் வகுப்பு வாசலில் நின்று ஆசிரியரிடம் கேட்டது ஒன்றுதான்: "நல்லாப் படிக்கிற புள்ள ஒருத்தனுக்கு எடப்பக்கமா இவன ஒக்கார வச்சுருங்க ஐயா." ஆசிரியர் சிரித்துக்கொண்டே ஹுமைத் என்ற பையனுக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்தார். பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகன். அவன் கணக்குப் போடும்போது நுனி நாக்கைக் கடித்துக்கொள்வான். நான்கு வருடம் அவனை வலப்பக்கத்தில் வைத்துப் படித்தேன். இன்றும் ஒரு சுற்றின் மின்தடையைக் கணக்கிடும்போது நானும் நாக்கைக் கடிக்கிறேன். நான் மின்சாரத் தொழில்நுட்பம் படித்ததும், இன்று நான்கு தோட்டத்து ஸ்டோர்களின் மோட்டார்களும் டெலிபோன் கம்பிகளும் என் பொறுப்பில் இருப்பதும் அந்த இருக்கையில் இருந்து வந்தவை. அந்த இருக்கை எங்கிருந்து வந்தது என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

1975 சித்திரையில் ஜெயராசாவை ஒரு வார விடுமுறைக்கு வீட்டுக்கு விட்டார்கள். ஒரு வருடத்தில் சிங்களம் பழகியிருந்தான். தச்சு வேலை பழகவில்லை. கை மணிக்கட்டில் ஊசியால் குத்திய ஓர் எழுத்து இருந்தது. பூட்டைச் சாவியில்லாமல் திறப்பான். பீடியை நகத்தால் நசுக்கி மீதியைக் காதில் செருகுவான். அங்கே இருநூறு பையன்களாம். "நான் கம்பி வெட்டி வந்தேன்னு சொன்னேன், சிரிச்சானுங்க" என்றான் என்னிடம். "சைக்கிள் டியூப் திருடினவன் கூட என்னயவிடப் பெரிய ஆளு. ஒரு மாசம் அடி. அப்புறம் ஒருத்தன் என்னயப் பக்கத்துல படுக்கச் சொன்னான். அவன் கடைய ஒடச்சவன். அவன் பக்கத்துல படுத்தா யாரும் அடிக்க மாட்டானுங்க."

சொல்ல வேண்டியதைச் சொல்ல அது நல்ல நேரம், நழுவவிட்டேன். இருவரும் தனியாக இருந்தோம்.

மறுநாள் அம்மா பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். பீலிக்கு மேலே கல்லில் ஜெயராசா உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றி ஏழெட்டுச் சின்னப் பையன்கள். எல்லாரும் அம்மா கையில் வளர்ந்தவர்கள். கங்காணி மகன் குடத்தோடு வந்தான். ஒரு பையன் கல்லை எடுத்தான். எறிவதற்கு முன் ஜெயராசாவைப் பார்த்தான். பிறகு எறிந்தான். குடம் உடைந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

அம்மா தன் குடத்தைக் கீழே வைத்தாள். வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டும்போது சொன்னாள்.

"இப்ப நெசமாவே அவனத்தான் பாக்குதுங்க."

1976இல் ரெங்கம்மாவின் குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகும் கடவுச்சீட்டு வந்தது. இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி அந்த வருடங்களில் தோட்டம் தோட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். திகதி போட்டு வந்த சீட்டு. அதற்குள் போகவில்லையென்றால் தோட்டத்தில் பெயர் இருக்காது, காம்பரா இருக்காது. ஜெயராசாவை விடுவிக்கக் கேட்டு மனுப் போட்டார்கள். பதில் வரவில்லை. பிறகு அனுப்பிவைப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். கணவனையும் இரண்டு சின்னப் பெண்களையும் கூட்டிக்கொண்டு ரெங்கம்மா பதுளை ஸ்டேஷனுக்கு வந்தாள். அவர்களுடைய தகரப்பெட்டியை நான் தூக்கிக்கொண்டு போனேன். அதனால் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

அம்மா ரெங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெங்கம்மா, அன்னிக்கி அந்த ஐயாகிட்ட நான் சொன்னது பொய். எம்புள்ளதான் கூட்டிக்கிட்டுப் போனான்."

ரெங்கம்மா கையை இழுக்கவில்லை.

"தெரியும்க்கா. எம்புள்ள யாரப் பாத்துச் சோறு தின்னுச்சுன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கைநாட்டு வச்சேன். மூணு வேள சோறுன்னாங்க." முந்தானையில் இருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். "நீ ஒம்புள்ளய வச்சுக்கிட்ட. நான் எம்புள்ளக்கிச் சோறு வாங்குனேன். அதுக்கு மேல பேசாத. இது அவன் பொறந்த பதிவு. வந்தா குடு. நான் விட்டுட்டுப் போகல, தேதி நிக்கலன்னு சொல்லு. அத மட்டும் மறக்காமச் சொல்லிரு."

அம்மா காகிதத்தைப் பால்மா டின்னில் போட்டாள். அந்த டின் ரெங்கம்மாவுடையதுதான். பெட்டியில் இடமில்லை என்று விட்டுப் போனது.

அடுத்து நடந்ததை அம்மா எனக்குச் சொல்லவில்லை. அவள் இறந்த பிறகு லீலா சொன்னாள். 1978இல் ஒரு நாள் பிற்பகல் ஜெயராசா பிள்ளைக்காம்பராவுக்கு வந்தான். சீர்திருத்தப் பாடசாலையில் இருந்து அவனை விட்டுவிட்டார்கள். அவன் வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. நான் பதுளையில் பாடசாலையில் இருந்தேன்.

"எங்கம்மா எங்க ஆயாம்மா?"

"இந்தியாவுக்குப் போயிட்டாங்கடா. ஒக்காரு. மொதல்ல சாப்புடு."

பிள்ளைகளின் சத்துமாவில் அவனுக்கும் ஒரு தட்டுக் கொடுத்தாள். வரிசையின் கடைசியில் சாக்கில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து சாப்பிட்டான். பிள்ளைகள் வாயைத் திறந்து அவனையே பார்த்தன.

"ஒன் காகிதம் வீட்டுல இருக்கு. ஒங்கம்மா ஒன்னு சொல்லச் சொன்னா. நாலு மணிக்குப் புள்ளைகள விட்டுட்டு வந்துர்றேன். அது வரைக்கும் இரு."

"சரி ஆயாம்மா."

மூன்று மணிக்குக் கிளாக்கர் வந்தார். வாசலிலேயே நின்று கத்தினார்: "இந்தக் கள்ளப்பயல உள்ள விட்டது யாரு?"

அம்மா எழுந்து நின்றாள். "நான் கூப்புடலங்க. சும்மா கஞ்சி கேட்டு வந்தான்" என்றாள்.

கிளாக்கர் காவல்காரனைக் கூப்பிடத் திரும்பினார். ஜெயராசா எழுந்து பின்பக்கம் போனான். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. லீலா போய்ப் பார்த்தபோது அவன் இல்லை. தட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

நான்கு மணிக்கு அம்மா ஓட்டமாக வீட்டுக்குப் போய் டின்னை எடுத்துக்கொண்டு தெரு முனைவரை போனாளாம். பஸ் போய்விட்டது.

அதற்குப் பின் ஒன்பது வருடம் அவள் அவனைத் தேடினாள். இதை நான் பார்த்தேன். சம்பளம் வாங்கிய மறுநாள் பதுளைக்குப் போவாள். டின்னைப் பன்பையில் வைத்து எடுத்துப் போவாள். பஸ் ஸ்டாண்டில் லொறிக்காரர்களிடம் கேட்பாள். ஹல்துமுல்லையில் ஒரு கடை உடைந்த வழக்கில் பிடித்திருக்கிறார்கள் என்று ஒரு முறை கேள்விப்பட்டு அங்கே போனாள். அதற்குள் வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். இன்னொரு முறை நீதிமன்ற வாசலில் நாள் முழுக்க நின்றாள். அது வேறு ஜெயராசா. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் பதுளைக் கடைவீதி எரிந்த பிறகு ஒரு வருடம் போகவில்லை. பிறகு மீண்டும் போனாள்.

அந்தக் காகிதம் இல்லாததால் அவனுக்கு அடையாள அட்டை இல்லை. அட்டை இல்லாததால் எந்தச் சந்தியில் பொலிஸ் மறித்தாலும் அவனைத்தான் வண்டியில் ஏற்றினார்கள். அரசாங்கக் கச்சேரியில் பிரதி எடுக்கலாம். அதற்கு ஓர் அலுவலகத்தின் படியேற வேண்டும். ஐந்து வழக்கு உள்ளவன் படியேற மாட்டான். இப்போது நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கிறார்கள், பிறந்த பதிவு உள்ளவர்கள் மனுப் போடலாம் என்று போன வருடம் தோட்டத்தில் பேச்சு வந்தது. அன்றில் இருந்து அம்மா இன்னும் அவசரப்பட்டாள். டின்னின் ஓட்டையை அப்போதுதான் கண்டுபிடித்தாள்.

பெரகலைச் சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் புஹாரி நானாதான் கடைசியில் சொல்லியனுப்பினார். மணிக்கட்டில் எழுத்துக் குத்திய உயரமான ஆள் ஒருவன் மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றுகிறான், வியாழக்கிழமை பத்து மணிக்கு லொறி கடை முன்னால் நிற்கும் என்று. அந்தச் செய்தி வந்த வாரம்தான் அம்மா என்னிடம் டின்னுக்கு அடி வைத்துத் தரச் சொன்னாள். எனக்கு மோட்டார் வேலை இருந்தது. அடுத்த வியாழன் என்றேன். அவள் பஸ் கண்டக்டர் மூலம் புஹாரி நானாவுக்கு அப்படியே சொல்லியனுப்பினாள்.

அம்மாவை அடக்கம் செய்தது புதன்கிழமை. வியாழக்கிழமை லயத்துக்கு வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரகலை நினைவுக்கு வரவில்லை.

முப்பதாம் நாள் புஹாரி நானா நேரில் வந்தார். விஷயம் கேள்விப்பட்டு வந்திருந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தார்.

"ஆயாம்மா வாராவெண்டு அவனுக்கு நான் முந்தியே சொல்லிட்டேன் தம்பி. லொறிக்காரன் கத்தக் கத்த ஒரு மணித்தியாலம் நிண்டான். சட்டையெல்லாம் தோச்சுப் போட்டு வந்திருந்தான். வாராட்டிப் போகட்டும், வேலையிருக்கும் எண்டான். டீக் குடிச்ச கிளாசத் தானே கழுவிக் கவுத்து வச்சுட்டுப் போனான். ஏன்டா, என்ட கடையில ஆளா இல்லயெண்டு கேட்டேன். பழக்கமெண்டான்."

"இன்னும் வர்றானா?"

"வியாழன் வியாழன் வாரான். ஆயாம்மாவப் பத்தி இனி கேக்கிறதில்ல."

அம்மாவின் பன்பை ஆணியில் தொங்குகிறது. உள்ளே குடை, ஒரு துவாய், டின். காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். 1962 செப்டெம்பர் ஒன்பது. ஆண். ஜெயராசா. பிறந்த இடம், கீழ்ப்பிரிவு, ஏழாம் இலக்க லயம். என்னைவிட ஏழு மாதம் இளையவன்.

அவள் பெரகலையில் செய்ய வேண்டியிருந்தவை மூன்று. காகிதத்தைக் கொடுக்க வேண்டும். தேதி நிற்கவில்லை, உன் அம்மா உன்னை விட்டுவிட்டுப் போகவில்லை என்று சொல்ல வேண்டும். மூன்றாவது, பிள்ளைக்காம்பராவில் கையை நீட்டியது பற்றி. அதை என் வாயால் சொல்லவைக்க அவள் நினைத்திருக்கமாட்டாள். ஆனால் என்னையும் கூட வரச் சொன்னாள். மூச்சு வாங்குகிறது என்றாள்.

இந்த வியாழனுக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன். போன வியாழனுக்கும் எழுதிக் கொடுத்தேன், பன்பையை ஆணியில் இருந்து எடுக்கவில்லை.